சிலிக்கா: பெயர் ஒன்று, சரக்கு பல



மளிகைக் கடைக்காரருக்கும் சிலிக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். கடையை ஒரு சுற்றுப் பாருங்கள். ஊறுகாய் இருக்கும் கண்ணாடி பாட்டில் சிலிக்கா. பற்பசையில் இருப்பது சிலிக்கா. துணி துவைக்கும் சோப்பில் சிலிக்கேட். கொட்டினால் பொலபொலவென்று உதிரும் தூள் உப்பில் ஒரு துளி சிலிக்கா சேர்ந்திருக்கலாம். மருந்து டப்பாவிலும் தின்பண்டப் பொட்டலத்திலும் கிடக்கும் சிறு பொட்டலம் சிலிக்கா ஜெல். வாசலில் மூட்டையாகக் கிடக்கும் கோலமாவு எந்தக் கல்லில் அரைத்தது என்பதைப் பொறுத்து அதுவும் சிலிக்காவே.

இவ்வளவுக்கும் பெயர் ஒன்றுதான். ஆனால் ஒன்று வாயில் போனாலும் கெடுதல் இல்லை. இன்னொன்று மூச்சில் போனால் ஆளையே முடித்துவிடும். ஒன்று கிலோ சில ரூபாய். இன்னொன்று கிலோ நூற்றுக்கணக்கான ரூபாய். பெயர் ஒன்றாக இருப்பதால் இதற்கு அதை மாற்றிக் கொடுப்பதும் தெரியாமல் வாங்குவதும் நடக்கிறது. பில்லில் வெறுமனே ‘சிலிக்கா பவுடர்’ என்று எழுதினால் அது என்ன சரக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. எந்தச் சிலிக்கா என்று கேட்டு, அதைப் பில்லில் எழுதி வாங்கினால்தான் நமக்கும், நம் கடையில் வேலை செய்பவருக்கும், நம்மிடம் வாங்குபவருக்கும் பாதுகாப்பு. இதை விளக்கவே இந்தக் கட்டுரை.

கற்கண்டும் பஞ்சு மிட்டாயும்

சிலிக்கா என்பது சிலிக்கான் என்ற தனிமமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். பூமியின் மேலோட்டில் எடைக் கணக்கில் முதலிடம் ஆக்சிஜனுக்கு, இரண்டாமிடம் சிலிக்கானுக்கு. ஆகவே மண், மணல், பாறை என்று எங்கு கை வைத்தாலும் சிலிக்காவோ அதன் உறவோ கிடைக்கும்.

இதில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. நம் தொழிலிலேயே உதாரணம் இருக்கிறது. கற்கண்டும் சர்க்கரைதான், திருவிழாவில் விற்கும் பஞ்சு மிட்டாயும் சர்க்கரைதான். கற்கண்டில் அணுக்கூட்டங்கள் செங்கல் அடுக்கியதுபோல் வரிசையாக நிற்கின்றன. அதனால் கட்டியாக, முனையோடு இருக்கிறது. பஞ்சு மிட்டாயில் அந்த வரிசை இல்லை. சிலிக்காவும் அப்படியே. வரிசையாக அடுக்கப்பட்டது படிகச் சிலிக்கா. மணல், வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்ஸ் எல்லாம் இந்தக் குடும்பம். வரிசையில்லாதது படிகமற்ற சிலிக்கா. சிலிக்கா ஜெல், பற்பசைச் சிலிக்கா, உப்பில் சேர்ப்பது எல்லாம் இந்தக் குடும்பம். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

மணலும் வெங்கச்சங்கல்லும்

படிகச் சிலிக்காவில் முதல் சரக்கு மணல். எல்லா மணலும் ஒரே தரம் இல்லை. கண்ணாடித் தொழிலுக்கு நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் சிலிக்கா உள்ள வெள்ளை மணல் வேண்டும். இரும்புக் கலப்பு சற்றுக் கூடினாலும் கண்ணாடி பச்சை நிறம் காட்டும். உத்தரப் பிரதேசத்தில் சங்கர்கர், கேரளத்தில் சேர்த்தலை, ஆந்திரத்தில் நெல்லூர் மாவட்டக் கடலோரம் ஆகியவை பெயர் பெற்ற சிலிக்கா மணல் பகுதிகள். மணலை மட்டும் உருக்குவதானால் ஏறத்தாழ 1,700 டிகிரி வெப்பம் வேண்டும். சோடா சாம்பலும் சுண்ணாம்புக் கல்லும் சேர்ப்பதால் அதைவிடக் குறைந்த சூட்டில் உருகி பாட்டிலாகிறது. சாதாரண பாட்டிலில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் சிலிக்காதான். கண்ணாடியாக உருகிவிட்டால் அது படிக வரிசையை இழந்துவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டு எண்ணூர் மணலுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. சிமெண்ட் எவ்வளவு தாங்கும் என்று சோதிக்க நாடு முழுவதும் ஒரே தரமான மணல் வேண்டும். அதற்கென்று ஐ.எஸ். 650 என்னும் இந்தியத் தர விதியில் குறிக்கப்பட்டது எண்ணூர் மணல். அது மூன்று பருமனில் சலித்து விற்கப்படுகிறது.

இரும்பு வார்க்கும் பட்டறைகளுக்கு அச்சு செய்ய மணல் வேண்டும். கோயம்புத்தூர் பக்கம் பம்புசெட் செய்யும் வார்ப்படச் சாலைகளில் இது மூட்டை மூட்டையாகப் போகும். குடிநீர் வடிகட்டும் தொட்டிகளிலும் பருமன் பார்த்துச் சலித்த மணல்தான் போடுகிறார்கள்.

அடுத்தது குவார்ட்ஸ் கல் பொடி. வெள்ளையாகப் பளபளக்கும் வெங்கச்சங்கல்லை உடைத்து, அரைத்து, மெஷ் கணக்கில் சலித்து விற்கிறார்கள். 200 மெஷ் என்றால் சுமார் 75 மைக்ரான் துளை வழியாக விழும் மாவு. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்தப் பொடி பீங்கான், தரை ஓடு, பெயிண்ட் ஆகியவற்றுக்குப் போகிறது. பாத்திரம் துலக்கும் மலிவான பவுடரிலும் இது சேரக்கூடும். இங்கேதான் நம் கடைக்குள் நுழைகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

தாய்ச் சரக்கு: சோடியம் சிலிக்கேட்

மணலையும் சோடா சாம்பலையும் உலையில் உருக்கினால் சோடியம் சிலிக்கேட் கிடைக்கும். இதை நீரில் கரைத்தால் பாகுபோல் இருக்கும். துணி சோப்புத் தயாரிப்பவர்கள் ‘சிலிக்கேட்’ என்று பீப்பாயில் வாங்குவது இதைத்தான். சலவைத் தூளிலும் சேர்க்கிறார்கள். காகித அட்டைகளை ஒட்டவும் உதவுகிறது. இது காரத்தன்மை உள்ளது. கையில், கண்ணில் படக்கூடாது.

இதைத் தாய்ச் சரக்கு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தச் சிலிக்கேட் கரைசலோடு கந்தக அமிலத்தைச் சேர்த்தால் சிலிக்கா பிரிந்து வரும். எந்த முறையில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு பக்கம் பொடியாகவும், ஒரு பக்கம் கூழாகவும் வரும். பொடியாகப் படிவது பிரிசிபிடேட்டட் சிலிக்கா. கூழை உறையவைத்துக் கழுவி உலர்த்தியது சிலிக்கா ஜெல். பிறப்பு மணலில்தான் என்றாலும் உருகிக் கரைந்து மறுபடி வந்ததால் படிக வரிசை போய்விட்டது.

பிரிசிபிடேட்டட் சிலிக்கா

வியாபாரத்தில் ‘பி.பி.டி. சிலிக்கா’ என்று சுருக்கிச் சொல்வார்கள். வெள்ளை வெளேரென்று, கையில் எடுத்தால் எடையே தெரியாத பொடி. இதன் பெரிய வாடிக்கையாளர் ரப்பர் தொழில். செருப்பு அடிப்பாகம் தேயாமல் உழைக்கவும், கறுப்பு அல்லாத நிறத்தில் ரப்பர் செய்யவும் இது வேண்டும். 1992-ல் மிச்செலின் நிறுவனம் கரித்தூளுக்குப் பதில் பெருமளவு சிலிக்கா சேர்த்த கார் டயரை வெளியிட்ட பிறகு, எரிபொருள் மிச்சமாகிறது என்று மற்ற டயர்க்காரர்களும் இதன் பக்கம் திரும்பினார்கள்.

பற்பசையில் பல்லைத் துலக்கும் வேலையை இது செய்கிறது. வெள்ளைப் பற்பசை பலவற்றில் சுண்ணாம்புத் தூள் இருக்கும். ஊடுருவித் தெரியும் ஜெல் பற்பசைக்கு அது ஆகாது. கிளிசரின், சார்பிட்டால் பாகில் கலந்தால் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும் குணம் சிலிக்காவுக்கு இருப்பதால் ஜெல் பற்பசையில் சிலிக்காவையே போடுகிறார்கள்.

உணவுத் தரத்தில் செய்த சிலிக்காவுக்கு ஐ.என்.எஸ். 551 என்று எண். தூள் உப்பு, சூப் பவுடர் போன்றவை ஈரத்தில் கட்டி பிடிக்காமல் இருக்க மிகக் குறைந்த அளவில் சேர்க்க விதி இடம் தருகிறது. உணவுத் தரம் என்பது ரப்பர் தரத்திலிருந்து வேறு. தோற்றம் ஒன்றாக இருக்கும். ஆனால் ஈயம், ஆர்சனிக் போன்ற கலப்புகளுக்கு வரம்பு பார்த்து, சோதித்துச் சான்றோடு வருவதுதான் உணவுத் தரம்.

சிலிக்கா ஜெல்

ஜெல் என்று பெயர் இருந்தாலும் கைக்கு வருவது கண்ணாடி மணிபோன்ற உருண்டைகள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்டர் பாட்ரிக் இதைத் தயாரிக்கும் முறைக்கு 1919-ல் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு மணிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் உண்டு. ஒரு கிராம் ஜெல்லின் உட்பரப்பை விரித்தால் பல நூறு சதுர மீட்டர் வரும். அதனால்தான் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்கிறது.

வாடிக்கையாளர் அடிக்கடி கேட்கும் கேள்வி, குழந்தை அந்தப் பொட்டலத்தை வாயில் போட்டுவிட்டால் விஷமா என்பது. வெள்ளை ஜெல் விஷமில்லை; செரிக்காமல் வெளியே போய்விடும். ஆனால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆகவே எட்டாத இடத்தில் வைக்கச் சொல்ல வேண்டும்.

நீல நிற ஜெல் வேறு. ஈரம் பட்டால் நீலம் மாறி இளஞ்சிவப்பு ஆகும். இயந்திரச் சாமான்களுக்கு இது வசதி. அந்த நிறம் கோபால்ட் குளோரைடு என்ற உப்பால் வருவது, அது நச்சு. ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் அதைக் கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஏலக்காய், பெருங்காயம், மசாலா டப்பா என்று உணவுப் பக்கமே நீல ஜெல்லைக் கொண்டுவரக் கூடாது. விலை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். உணவுப் பொட்டலத்துக்கென்று உறையிட்டு வரும் வெள்ளை ஜெல்தான் வாங்க வேண்டும்.

பெயர் மயக்கம்: ஃபியூம்டு வேறு, ஃபியூம் வேறு

இந்த இரண்டிலும் தரகர்களே தடுமாறுவதைப் பார்க்கிறோம். ஃபியூம்டு சிலிக்கா என்பது சிலிக்கான் டெட்ராகுளோரைடு என்ற திரவத்தை ஆவியாக்கி, நெருப்புச் சுடரில் எரித்துச் செய்வது. ஜெர்மனியில் 1940-களில் வந்த தொழில் இது. ஏரோசில் என்ற பெயரில் பிரபலம். ஒரு லிட்டர் அளவையில் நிரப்பினால் 50 கிராம்தான் நிற்கும். பெயிண்ட் வழியாமல் இருக்கவும், களிம்பு கெட்டியாகவும், மாத்திரைக்கான மருந்துத் தூள் ஒட்டாமல் ஓடவும் இதைச் சேர்க்கிறார்கள். விலை அதிகம்.

சிலிக்கா ஃபியூம் என்பது ஃபெரோசிலிக்கான் உலைகளில் எழும் புகையைப் பிடித்துவைத்த சாம்பல் நிறத் தூள். மைக்ரோ சிலிக்கா என்றும் சொல்வார்கள். பாலம், உயர்ந்த கட்டடம் ஆகியவற்றின் காங்கிரீட்டுக்கு வலு சேர்க்கப் போகிறது. விலையில் முன்னதன் பக்கத்தில்கூட நிற்காது. ஓர் எழுத்து மாறினால் பணமும் போகும், சரக்கும் உதவாது.

இயற்கை தந்த படிகமற்ற சிலிக்கா

கடலிலும் ஏரியிலும் வாழ்ந்த டயாட்டம் என்னும் நுண்ணிய பாசிகள் தம்மைச் சுற்றிச் சிலிக்காவால் கூடு கட்டிக்கொள்கின்றன. அவை மடிந்து படிந்த மண்தான் டயாட்டமைட். 1867-ல் ஆல்ஃப்ரெட் நோபல் காப்புரிமை பெற்ற டைனமைட்டில் நைட்ரோகிளிசரினை உறிஞ்சி வைக்க இந்த மண்ணைத்தான் பயன்படுத்தினார். இன்று சர்க்கரைப் பாகு, பீர், எண்ணெய் ஆகியவற்றை வடிகட்ட உதவுகிறது. வெளிநாடுகளில் தானியத்தில் வண்டு விழாமல் இருக்கவும் தூவுகிறார்கள். பூச்சியின் உடல்மேல் இருக்கும் மெழுகுப் பூச்சை அந்தத் தூள் உறிஞ்சிக் கீறிவிடுவதால் உடலின் ஈரம் வற்றிப் பூச்சி செத்துவிடும். நம் பாட்டிமார் விதைத் தானியத்தில் சாம்பல் கலந்து வைத்ததிலும் இந்தச் சூட்சுமம் அடங்கியிருக்கிறது.

இன்னொன்று நம் அரிசி ஆலையிலேயே இருக்கிறது. ஆயிரம் கிலோ நெல் குத்தினால் சுமார் 200 கிலோ உமி வரும். அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல். அந்தச் சாம்பலில் நூற்றுக்கு 85 முதல் 95 பங்கு வரை சிலிக்கா. உமிக்கரியால் பல் துலக்கிய தலைமுறைக்கும் இன்றைய ஜெல் பற்பசைக்கும் சிலிக்காவே பொதுவான சரக்கு. ஆனால் ஒரு எச்சரிக்கை. உமியை மட்டான சூட்டில் எரித்தால் சாம்பல் படிகமற்றதாக இருக்கும். பாய்லரில் மிகுந்த சூட்டில் எரிந்தால் படிகச் சிலிக்காவாக மாறும். ஆகவே உமிச் சாம்பல் எல்லாம் சாது என்று எண்ணிக் கை வைக்கக் கூடாது.

மூச்சில் போனால்

படிகச் சிலிக்காவைத் தொட்டால் ஒன்றும் செய்யாது. கடற்கரை மணலில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். அந்த மணல் பருமன், நுரையீரல்வரை போகாது. ஆபத்து நுண்ணிய தூசியில்தான். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் பருமன். 5 மைக்ரானுக்கும் குறைந்த தூசி நுரையீரலின் அடிவரை போய்விடும். அங்கே அதை விழுங்க வரும் உடலின் காவல் அணுக்கள் செரிக்க முடியாமல் மடியும். அந்த இடம் தழும்பாகி இறுகும். இதுதான் சிலிக்கோசிஸ். வந்த தழும்பை ஆற்ற மருந்து இல்லை. தூசியை விட்டு விலகிய பிறகும் நோய் வளரக்கூடும். காச நோய் தொற்றும் வாய்ப்பும் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, தொழிலிடத்தில் மூச்சில் போகும் குவார்ட்ஸ் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1997-ல் வகைப்படுத்தியது. படிகமற்ற சிலிக்காவை அந்த வகையில் சேர்க்கவில்லை. அதற்காக அதைத் தாராளமாக மூச்சில் இழுக்கலாம் என்று பொருளில்லை. எந்தத் தூசியும் நெஞ்சுக்கு ஆகாது.

இது ஏதோ புத்தகச் செய்தி அல்ல. குஜராத் மாநிலம் கோத்ரா, பாலாசினோர் பகுதிகளில் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்து பழங்குடி மக்கள் கூலிக்குப் போனார்கள். அவர்களில் 238 பேர் சிலிக்கோசிஸால் இறந்ததாகக் கணக்கிட்டு, குடும்பத்துக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 2010-ல் பரிந்துரைத்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதைக் கொடுக்கும்படி குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது. மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் சிலேட்டுப் பலப்பம் அறுத்த தொழிலாளர்களுக்கும் இதே கதிதான். பலப்பம் எழுதிய பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அறுத்தவருக்குத்தான் ஆயுள் குறைந்தது. சிலிக்கோசிஸ், சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்.

நம் கடைப் பின்கட்டில்

நாம் கல் அரைப்பதில்லையே என்று இருந்துவிட முடியாது. கோலமாவையும் பாத்திரம் துலக்கும் பவுடரையும் 50 கிலோ மூட்டையாக இறக்கி, பின்கட்டில் இரண்டு பெண்களை உட்கார வைத்து, அரைக் கிலோ, ஒரு கிலோவாகப் பொட்டலம் போடுவது பல ஊர்களில் வழக்கம். அறைக்கு ஜன்னல் இருக்காது. மூட்டையைக் கவிழ்த்தால் தூசி புகைபோல் எழும். மார்கழி, தை மாதங்களில் நாள் முழுவதும் இதே வேலை.

கோலமாவு சுண்ணாம்புக் கல், டோலமைட் போன்ற மென்கல்லில் அரைத்ததானால் ஆபத்து குறைவு. வெங்கச்சங்கல்லில் அரைத்ததானால், அந்தப் பெண்கள் மூச்சில் இழுப்பது கோத்ரா ஆலைத் தொழிலாளர்கள் இழுத்த அதே பொருள். அளவு வேண்டுமானால் குறைவு, பொருள் ஒன்றுதான்.

கடையிலேயே செய்து பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒரு சிட்டிகை மாவில் நல்ல வினிகரையோ எலுமிச்சம்பழச் சாற்றையோ விடுங்கள். சுண்ணாம்புக் கல் பொடியானால் குமிழி விட்டுப் பொங்கும். டோலமைட் மெதுவாக, கவனித்துப் பார்த்தால் தெரியும் அளவுக்குப் பொங்கும். குவார்ட்ஸ் அசையாது. அடுத்து, இரண்டு உடைந்த கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு சிட்டிகை வைத்துக் கெட்டித் துணியால் பிடித்துத் தேயுங்கள். குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினம், கீறல் விழும். சுண்ணாம்புக் கல் மென்மை. அதனால் கீற முடியாது. பொங்காமலும் கீறல் விழுந்தும் இருந்தால் அந்தச் சரக்கைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் கலந்து வருவதும் உண்டு. ஆகவே இவை முதல் சோதனைதான். முடிவான சொல் ஆய்வுக்கூடச் சான்றுதான்.

சந்தேகச் சரக்கை உடைத்துப் பொட்டலம் போட வேண்டாம். கட்டிய பொட்டலமாகவே வாங்கினால் கூடுதல் விலை கிலோவுக்குச் சொற்பம்தான். போட்டே ஆக வேண்டுமென்றால் திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்து, என்.95 வகை முகமூடி போட்டுச் செய்யச் சொல்ல வேண்டும். முந்தானையும் துண்டும் நுண்ணிய தூசியைத் தடுக்காது. சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

உணவுச் சரக்கில் மணல்

மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் விற்பவர்களுக்கு ஆய்வு அறிக்கையில் ஒரு வரி வரும்: அமிலத்தில் கரையாத சாம்பல். தூளை எரித்துச் சாம்பலாக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைப்பார்கள். கரையாமல் மிஞ்சுவது பெரும்பாலும் மணலும் சிலிக்காவும்தான். 2011-ஆம் ஆண்டின் உணவுத் தர விதிப்படி இது மிளகாய்த்தூளில் நூற்றுக்கு 1.3 பங்கும், மஞ்சள்தூளிலும் மல்லித்தூளிலும் 1.5 பங்கும்தான் போகலாம். வெறும் மண் தரையில் காயவைத்த மிளகாயைச் சுத்தம் செய்யாமல் அரைத்தாலே இந்த வரம்பு தாண்டிவிடும். எடைக்காகக் கல் பொடி சேர்த்தால் சொல்லவே வேண்டாம். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி தூளைப் போட்டு, அடியில் தங்குவதை விரலால் நெருடிப் பார்த்தால் மணல் தெரிந்துவிடும்.

தூள் உப்பில் கட்டி பிடிக்காமல் சேர்க்கும் பொருள்கள் எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் போகக் கூடாது. மற்ற உணவுகளில் எதில் எவ்வளவு என்பது விதியில் தனித்தனியாக இருக்கிறது. அதைப் பார்க்காமல், உணவுத் தரம்தானே என்று மசாலாவில் அள்ளிப் போடுவதும் தவறு. ஐ.என்.எஸ். 551-ம் அமிலத்தில் கரையாது. அறிக்கையில் அது மணலாகவே கணக்காகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தரகர் நம்மிடம் ஒரு மாதிரிப் பொட்டலத்தோடு வந்தார். உப்புக்குப் போடும் சிலிக்கா, பாதி விலை என்றார். “அண்ணாச்சி, அதுவும் சிலிக்காதான், இதுவும் சிலிக்காதான். பேரு ஒண்ணுதானே?” என்றார். லிட்டர் அளவையில் நிரப்பித் தராசில் வைத்தோம். ஒரு கிலோவை நெருங்கியது. பி.பி.டி. சிலிக்காவானால் 100 முதல் 300 கிராம்தான் நிற்கும். “பில் எந்த நம்பரில் வரும் தம்பி?” என்று கேட்டோம். 2506 என்றார். பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அந்த எண் குவார்ட்ஸ் கல்லுக்கு உரியது.

பில்லில் உள்ள எண்ணைப் படியுங்கள்

2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு நமக்குக் கிடைத்த ஒரு நல்ல உதவி எச்.எஸ்.என். எண். வரிக்காக எழுதும் எண் என்று விட்டுவிடுகிறோம். அது சரக்கின் ஜாதகம்.

2505: இயற்கை மணல், சிலிக்கா மணல் உட்பட.
2506: குவார்ட்ஸ்.
2512: டயாட்டமைட் போன்ற மண்.
2811: இதன் கீழ் 2811 22 என்பது ரசாயன முறையில் செய்த சிலிக்கான் டை ஆக்சைடு. ஜெல், பி.பி.டி., ஃபியூம்டு ஆகியவை இதில் வரும்.
2839: சோடியம் சிலிக்கேட் முதலியவை.

வாய்ச் சொல் ‘உணவுத் தரம்’ என்றும் பில் 2505 அல்லது 2506 என்றும் இருந்தால் அது கல் அல்லது மணல். ஆனால் 2811 22 என்று இருந்தாலே உணவுத் தரம் என்றும் ஆகிவிடாது. ரப்பர் தரமும் அதே எண்தான். உணவுக்கானால் மூட்டையில் ஐ.என்.எஸ். 551 என்ற குறிப்பும், உற்பத்தியாளரின் உணவு உரிம எண்ணும், தொகுதி எண்ணும், சோதனைச் சான்றும் இருக்க வேண்டும்.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 26-ஆம் பிரிவின்படி உணவுப் பொருளை விற்பவர் தரத்துக்கு எழுத்து மூலம் உத்தரவாதம் தர வேண்டும். அவர் கொடுக்கும் பில்லே அந்த உத்தரவாதமாகக் கொள்ளப்படும். ஆகவே நாம் எழுதும் பில் நாம் கொடுக்கும் வாக்கு. நாம் வாங்கும் பில் நமக்குக் கேடயம். துண்டுச் சீட்டில் ‘பவுடர் 10 மூட்டை’ என்று வாங்கியவருக்குக் கேடயமும் இல்லை, வழக்கு வந்தால் கைகாட்ட ஆளும் இல்லை.

கொள்முதலுக்கு முன் ஐந்து கேள்விகள்

1. படிகச் சிலிக்காவா, படிகமற்றதா? விற்பவருக்கே தெரியாவிட்டால் சரக்கு வேண்டாம்.
2. எதற்கான தரம்? ரப்பரா, பெயிண்டா, பற்பசையா, உணவா?
3. எத்தனை மெஷ்? மெஷ் எண் கூடக்கூடத் தூசி நுண்மையாகும்; கல் பொடியானால் ஆபத்தும் கூடும்.
4. ஒரு லிட்டர் எடை என்ன? மணல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ, கல் மாவு ஒரு கிலோவை ஒட்டி, பி.பி.டி. 100 முதல் 300 கிராம், ஃபியூம்டு 50 கிராம். தூசி எழாமல் மெதுவாக நிரப்பி நிறுக்கவும்.
5. பில்லில் முழுப்பெயரும் எச்.எஸ்.என். எண்ணும் வருமா?

கிடங்கில் இருப்பு வைக்கும்போதும் கல் பொடியையும் உணவுச் சரக்கையும் ஒரே அடுக்கில் வைக்க வேண்டாம். வெள்ளைப் பொடி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். மூட்டை கிழிந்தால் எது எது என்று தெரியாது. காலிச் சாக்கைத் திருப்பி உணவுக்குப் பயன்படுத்துவதையும் நிறுத்த வேண்டும்.

மலிவாக வருகிறது என்று தெரியாத பொடியை வாங்கினால் மூட்டைக்குச் சில நூறு ரூபாய் மிச்சப்படலாம். அதற்கு விலையாகப் போவது பின்கட்டில் பொட்டலம் போடும் ஒருவரின் மூச்சாகவோ, நம்மை நம்பி உப்பும் மிளகாய்த்தூளும் வாங்கும் குடும்பத்தின் நலமாகவோ, பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த கடைப் பெயராகவோ இருக்கும். உறுப்பினர்கள் இந்த வாரமே தங்கள் கிடங்கில் உள்ள வெள்ளைப் பொடி மூட்டைகளை எடுத்து, பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பில்லில் பெயர் தெளிவாக இல்லாத சரக்குக்கு விற்றவரிடம் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள்.